கப்பல் பட்டியலில் இல்லாத பாட்டி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். பேத்தியின் வம்சாவளிப் படத்துக்காக உன் மாமியாரின் குடும்ப நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. செய்திதான் கொஞ்சம் இடிக்கிறது. அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிவந்த மேஃப்ளவர் கப்பலில் மூன்று சகோதரர்கள் வந்தார்களாம். ஒருவர் பென்சில்வேனியாவில் தங்கினாராம், ஒருவர் தெற்கே போனாராம், இன்னொருவர் மேற்கே போய்த் தகவலே இல்லையாம். இந்த மூன்று சகோதரர் கதையைச் சொல்லாத பழைய அமெரிக்கக் குடும்பமே அபூர்வம் போலிருக்கிறது. நம் பக்கத்துக் குலதெய்வக் கதைகளில் ஏழு கன்னிமார் வருவதில்லையா, அப்படித்தான்.

சம்பந்தி அம்மாவிடம் இதைச் சொல்லி மனம் நோகச் செய்துவிடாதே. ஆனால் 1620இல் மேஃப்ளவரில் போன 102 பேர் கரையேறியது மாசசூசெட்ஸில்; பெரும்பாலும் ஆங்கிலேயர்கள். மாப்பிள்ளை வீட்டுப் பழைய கல்லறைக் கற்களிலோ ஜெர்மன் எழுத்து இருக்கிறது என்று நீயே சொன்னாய். நோட்டின் ஓர் ஓரத்தில் 1749 என்று ஒரு வருடம் தனியாகக் கிடக்கிறதே, நான் அதைத்தான் நம்புகிறேன். ஜெர்மானியர்கள் ரைன் ஆற்றில் படகில் இறங்கி, ராட்டர்டாமில் கப்பலேறி, வழியில் இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் நின்று, கூட்டம் கூட்டமாகப் பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்த காலம் அது. கப்பல் கூலி கொடுக்க முடியாதவர்களை வாங்குவதற்கு ஆள் வரும்வரை கரையிறங்க விடமாட்டார்கள். சில வருடம் அடிமை வேலை போல உழைத்துக் கடனைக் கழிக்க வேண்டும். பாதி வழிக்கு மேல் கணவன் இறந்துபோனால் அவனுடைய கூலியும் மனைவி தலையில்.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைப் பதிந்த எலிஸ் தீவின் பதிவுகளில் தேடி நேரத்தை வீணாக்காதே. அது திறந்தது 1892இல். அமெரிக்க மத்திய அரசு பயணிகள் பட்டியலை வாங்கிவைக்கத் தொடங்கியதே 1820இல்தான். பென்சில்வேனியாவின் நல்ல காலம், அங்கே 1727 முதலே வந்திறங்கும் ஜெர்மானிய ஆண்கள், 16 வயதைத் தாண்டியவர்கள், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல்கள் அச்சிலேயே கிடைக்கின்றன. எழுதத் தெரிந்தவர் ஜெர்மன் எழுத்தில் கையெழுத்திட்டிருப்பார். தெரியாதவருக்கு எழுத்தரே பெயரை எழுதி நடுவில் இடம் விட, அவர் ஒரு கீறல் போட்டிருப்பார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வாங்கியே ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கீறல்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. ஒன்று கவனி: கப்பல் தலைவனின் பட்டியலில் பெயர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். எழுத்துக்கூட்டல் பொருந்தவில்லை என்று ஆளைத் தள்ளிவிடாதே.

என் கோபம் வேறு இடத்தில். அந்தக் கையெழுத்துப் பட்டியல்களில் ஒரு பெண்கூட இல்லை. சரி, 1790 மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாம் என்றால், அதில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டும். ஆண்களை 16 வயதுக்கு மேல், கீழ் என்று பிரித்து எண்ணியவர்கள், பெண்களை ஒரே கட்டத்தில் அடைத்து ஓர் எண்ணைப் போட்டுவிட்டார்கள். வீட்டில் உள்ளவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வருவது 1850இல். அதுவும் அடிமைகளாக இருந்தவர்களுக்குக் கிடையாது. அவர்கள் 1870 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே அந்த முதல் பாட்டியைத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடு. பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயர் இருக்க வாய்ப்புண்டு. ஞானப் பெற்றோரின் பெயர்களையும் விடாமல் எழுதிக்கொள். பெரும்பாலும் தாயின் அக்காவோ தம்பியோதான் அந்த இடத்தில் நின்றிருப்பார்கள். அவர்களைப் பிடித்தால் அவள் பிறந்த வீட்டுக்கு வழி கிடைக்கும்.

நிலப் பத்திரங்களை, பெர்க்ஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் போல) தலைநகரான ரெடிங்கில் மட்டும் தேடினால் போதாது. அந்தக் கவுண்டியே 1752இல் பிலடெல்பியா, செஸ்டர், லங்காஸ்டர் ஆகியவற்றிலிருந்து பிரிந்ததுதான். நம் மயிலாடுதுறைக்காரர் பழைய ஆவணத்துக்கு நாகப்பட்டினமும் அதற்கு முன் தஞ்சாவூரும் போகவேண்டியிருக்கிறதே, அதே கதை. பத்திரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1737இல், பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் மகன்கள் அங்கத்துப் பூர்வகுடிகளான லெனாபே மக்களிடம் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, ஒருவர் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரை நிலம் எங்களுடையது என்றார்கள். முன்கூட்டியே பாதை வெட்டி, வேகமாக ஓடக்கூடிய ஆட்களை அமர்த்தி, நூறு கிலோமீட்டருக்கு மேல் அளந்துகொண்டார்கள். என் மேசைக்கு அப்படி ஒரு பத்திரம் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மாப்பிள்ளை வீட்டார் லூத்தரன் சபை என்றாயே, அதில்தான் எனக்கு ஓர் ஆனந்தம். ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்த போதகர் சீகன்பால்கு, டென்மார்க் மன்னர் அனுப்பி, 1706இல் நம் தரங்கம்பாடிக்கு வந்தார் அல்லவா? அதே ஹாலேதான் 1742இல் மூலன்பெர்க் என்ற போதகரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது. அவர் கட்டிய 1743ஆம் வருடத்துத் தேவாலயம் டிராப் என்ற ஊரில் இன்றும் நிற்கிறது. ரெடிங்கிலிருந்து காரில் ஒரு மணி நேரம் ஆகாது. தரங்கம்பாடிக் கடிதங்களும் பென்சில்வேனியாக் கடிதங்களும் ஹாலேயில் ஒரே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே கடிதம் எழுதி விசாரிக்கும் வேலையை என்னிடம் விடு.

இணையத்தில் யாரோ போட்டு வைத்திருக்கும் ஆயத்த வம்சாவளியை மட்டும் ஒட்டிவிடாதே. மாப்பிள்ளையிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக, ஆவணம் கையில் வந்த பிறகு மேலே போ. கிடைக்காத இடம் காலியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பேத்தியின் வம்சாவளிப் படத்துக்கு நம் பக்கத்துப் பெயர்களையும் கேட்டிருந்தாய். ஆண் வழியில் ஏழு தலைமுறை எழுதிவிட்டேன். என் பாட்டியைப் பெற்றவளின் பெயர் எனக்குத் தெரியவில்லை. பொறையாறு அத்தைக்குத் தெரிந்திருக்கும்; அவருக்குக் காது மந்தம், தொலைபேசியில் கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்க் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா