கேலக்ஸ் மலை விழா ஒலிப்பதிவுக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைத்தொடரை ஒட்டிய கேலக்ஸ் என்னும் சிற்றூரில், ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் நடைபெறும் ‘ஓல்டு ஃபிட்லர்ஸ் கன்வென்ஷன்’ என்னும் நாட்டுப்புற இசை விழாவில் நாங்கள் செய்த ஒலிப்பதிவுகள் தொகுப்பு வேலை முடிந்து வெளியீட்டுக்கு ஆயத்தமாகிவிட்டன. அவை நேயர்களைச் சென்றடையும் முன்னர், உதவியவர்களுக்கு நன்றி கூறுவது எங்கள் கடமை.

1935இல் தொடங்கிய இவ்விழா அடிப்படையில் ஒரு போட்டிதான். மின்கருவிகளுக்கு அங்கே இடமில்லை. ஃபெல்ட்ஸ் பூங்காவின் மேடையில் போட்டியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக ஏறி இறங்குகிறார்கள் என்றாலும், அவ்விழாவின் உயிர் மேடைக்குப் பின்னால், கூடாரங்களுக்கும் முகாம் வண்டிகளுக்கும் நடுவில், நள்ளிரவு தாண்டியும் ஓயாத வாசிப்பில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். இரண்டு மூன்று கலைஞர்கள் மடக்கு நாற்காலிகளில் முழங்கால் இடிக்க அமர்ந்து தமக்குள் வாசித்துக்கொள்வதை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோலப் பதிவு செய்ய விரும்பினோம்.

இதற்கு முதல் இடையூறு, சுற்றிலும் ஓடிய ஜெனரேட்டர்கள். ஆகஸ்டுப் புழுக்கத்தில் வண்டிக்குள் குளிர்சாதனத்தை நிறுத்திக்கொள்ளச் சொல்வது எளிய வேண்டுகோள் அன்று. ஆயினும் எங்கள் வரிசையில் தங்கியிருந்த குடும்பத்தினர் ஒவ்வொரு பாடலுக்கும் முகம் சுளிக்காமல் தம் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். எதிர்வரிசையில் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் குழுவினரோ, நாங்கள் கேட்காமலேயே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பூங்காவின் மறுகோடிக்கு நகர்ந்தார்கள். அவர்களுடைய பெயர்களைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இம்மடல் அவர்களுக்கும் உரியது. சிள்வண்டுகளை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. இரவுப் பதிவுகள் அனைத்திலும் அவையும் பாடுகின்றன.

கையால் தைத்த கனத்த போர்வைகளைத் தந்து உதவிய அம்மையாருக்குத் தனி நன்றி. வண்டியின் தகரப் பக்கத்தில் பட்டுத் திரும்பிய பாஞ்சோ என்னும் கம்பிக்கருவியின் கூர்மையான ஒலி, அவற்றைத் தொங்கவிட்டதும் அடங்கியது. 1927 கோடையில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக இசைப்பதிவாளர் ரால்ஃப் பியர் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு பழைய தொப்பிக் கிடங்கை ஒலிப்பதிவுக்கூடமாக்கியபோதும் போர்வைகளைத்தான் தொங்கவிட்டதாகச் சொல்வார்கள். கார்ட்டர் குடும்பம் என்னும் பாடகர் குழுவையும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸையும் உலகுக்கு அறிமுகப்படுத்தி, அமெரிக்காவின் ‘கன்ட்ரி’ இசை வரலாற்றின் திருப்புமுனையாக அமைந்த பதிவுகள் அவை. கேலக்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்டோன்மனும் அங்கே பாடினார். அந்தப் பெருமையில் எங்களுக்குப் பங்கில்லை. போர்வை விஷயத்தில் மட்டுமே ஒற்றுமை.

கலைஞர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. மெல்லிய ஒலியையும் பிடிக்கும் ஒரே ஒரு கண்டன்சர் மைக்கைச் சுற்றி அமர்ந்து, யார் எவ்வளவு தள்ளி இருப்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். நகத்தால் கீழ்நோக்கி அடித்துக் கட்டைவிரலால் ஐந்தாம் கம்பியைத் தட்டும் ‘கிளாஹாமர்’ பாணியில் பாஞ்சோ வாசித்த பெண்மணி, ஃபிடில் (நாட்டுப்புற இசையில் வயலினுக்கு வழங்கும் பெயர்) அமுங்கிவிடாதபடி தம் நாற்காலியைத் தாமே ஓரடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு ஒலிக்கலவையில் நாங்கள் செய்ய வேண்டியிருந்த வேலை அநேகமாக அத்துடன் தீர்ந்தது. அவருடன் வாசித்த முதியவரின் ஃபிடிலுக்குள், அம்மலைநாட்டுப் பழைய வழக்கப்படி, கிலுகிலுப்பைப் பாம்பின் வால்முனை ஒன்று கிடந்தது. பாட்டு முடிந்து அவர் ஃபிடிலை மடியில் இறக்கும்போது அது மெல்லச் சலசலப்பது பதிவில் கேட்கிறது. அதை வெட்டிவிடலாமா என்று எங்களுக்குள் விவாதம் எழுந்தது, வெட்டவில்லை.

பதிவு செய்ய இசைவளித்து, போட்டி நேரங்களை முன்கூட்டியே தெரிவித்த விழாக் குழுவினருக்கும், மழை பெய்த மாலையில் தம் கூடாரத்தில் கருவிகளுக்கு இடம் ஒதுக்கித் தந்தவர்களுக்கும், பயணச் செலவுக்குப் பொருளுதவி செய்த தமிழ் நேயர்களுக்கும் எங்கள் நன்றி. அம்மலை வட்டாரப் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு எழுத்தில் வடித்துத் தந்த நண்பர் இல்லையெனில், பாடல்களுக்கு இடையே கலைஞர்கள் சொன்ன கதைகளைத் தமிழில் தருவது எங்களுக்கு இயலாததாகியிருக்கும்.

பதிவுகளின் முழு உரிமையும் வாசித்தவர்களிடமே இருக்கும். ஒவ்வொரு கலைஞருக்கும் அவரவர் பதிவின் முழுப் பிரதியை, வெட்டப்படாத பேச்சுடன், வெளியீட்டுக்கு முன்பே அனுப்புகிறோம். தம் குரலோ பெயரோ இடம்பெற வேண்டாம் என்று கருதுவோர் பிரதி கிடைத்தவுடன் தெரிவித்தால், அப்பகுதியை நீக்கிய பின்னரே வெளியிடுவோம். போர்வைகளைச் சலவை செய்து அஞ்சலில் அனுப்பிவிட்டோம்.

நன்றியுடன்,
ஒலிப்பதிவுக் குழுவினர்