சந்தா யார் கட்டுவது?

கணபதி,
கோவை – 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலை என்று படித்த பிறகுதான் இங்கே இவளுக்கு மனசு ஆறியது. மழை விட்டபாடில்லை. பவுண்டரி மண்ணில் ஈரம் ஏறிப்போய் வாரத்துக்கு ஒரு நாளாவது மோல்டிங், அதாவது வார்ப்புக்கு மண் அச்சுப் போடுகிற வேலை, நிற்கிறது.

உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பம்ப் கம்பெனி பவுண்டரியில் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆச்சு, அதற்குள் பவுண்டரித் தொழில் தெரிந்தவர்கள் கூடுகிற நம் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள், 'ஒரு சர்டிபிகேட்டுக்கும் ரெண்டு விருந்துக்கும் எதுக்குடா காசு' என்று கேட்டிருந்தாய். நானே பல வருஷம் கேட்ட கேள்விதான். சர்டிபிகேட்டைப் பற்றி நீ சொல்வது சரி. 1920-ல் ஆரம்பித்த இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் என்கிற சங்கத்தின் ஏ.எம்.ஐ.இ. பரீட்சை எழுதித்தானே நம் செட்டில் பாலிடெக்னிக்கோடு நின்றவர்கள் இன்ஜினியர் ஆனார்கள்? அதை டிகிரிக்குச் சமமாக மத்திய அரசு ஏற்றுக்கொண்டது 2013 மே 31-க்குள் சேர்ந்தவர்களுக்குத்தான் என்று பிறகு ஆகிவிட்டது. சுவரில் மாட்டுகிற காகிதத்தின் மதிப்பை யாரோ ஒருவர் ஒரு நாளில் மாற்றிவிடலாம்.

ஆனால் எனக்குச் சங்கம் கொடுத்தது வேறு. ஒரு ஐப்பசி மாசம், பம்ப்பின் வெளிக்கூடான கேசிங்கில் வரிசையாக ப்ளோ ஹோல், ஆவி அடைத்துக்கொண்டு விழுகிற ஓட்டை. மண்ணை மாற்றினேன், மண்ணைப் பிடித்துவைக்கிற பெண்டோனைட் களிமண்ணை மாற்றினேன், மோல்டரைத் திட்டினேன். பீஸ் பீஸாக ரிஜெக்ட் ஆகித் திரும்பி வருகிறது. சங்கக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமான ஒரு பெரியவர், ரிட்டயர்டு பவுண்டரி மேனேஜர், ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். ஒரு கேசிங்கைச் சம்மட்டியால் உடைத்தார். ஓட்டை இருந்த இடத்தை விரலால் தடவினார். "சாப்லெட் டப்பா எங்கே?" என்றார். வார்ப்புக்குள்ளே வெற்றிடம் விழ வைக்கிற மண் கட்டி, அந்தக் கோரைத் தாங்க வைப்போமே, தகரப் பூச்சு பூசின குட்டித் துண்டு, அதுதான். ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். நகம் பழுப்பாகிவிட்டது. "மழை நாள்ல டப்பாவத் தொறந்தே வெச்சிருக்கறயே கண்ணு, துருவும் ஈரமும் சூட்டுல ஆவியாகாம என்ன பண்ணும்?" அவ்வளவுதான். பழைய சாப்லெட்டைக் கொட்டிவிட்டு, புதுசை கோர் அடுப்புப் பக்கம் உலர்வாக வைத்தேன், ஓட்டை நின்றது. காபிக்கு மேல் அவர் எதுவும் வாங்கவில்லை. கன்சல்டன்ட்டாக வந்திருந்தால் அவர் முதலில் எனக்கு ஒரு பில் எழுதியிருப்பார்.

இப்போது காசு. இரண்டு வருஷமாக என் தலையில் பொருளாளர் பதவியைக் கட்டிவிட்டார்கள். கணக்கு நோட்டைத் திறந்ததும் வயிறு கலங்கியது. பாதிப் பேர் ஆயுள் சந்தா. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை ஆயிரம் ரூபாய் கட்டியவர்களுக்கு இன்றைக்கும் தபால், மண்டப வாடகை, டீ. அந்தப் பணத்தைப் பேங்கில் போட்டு வட்டியில் ஓட்டலாம் என்பது அன்றைய கணக்கு. வட்டி இறங்கிவிட்டது, மண்டப வாடகை இறங்கவில்லை.

அதனால் என்ன ஆகிறது என்றால், விருந்துக்கு ஸ்பான்ஸர் தேடுகிறோம். மண்ணை ஒட்டவைக்கிற ரெசின் பசையை விற்கிறவர் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டு ஒரு மணி நேரம் தன் ரெசினைப் பற்றிப் பேசுகிறார். அது ஒத்துவராது என்று அங்கே உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்குத் தெரியும். எவனும் எழுந்து சொல்வதில்லை, வாயில் அவர் போட்ட ஜாங்கிரி இருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம்மூர்க்காரர்கள் இதை வேறு மாதிரியும் செய்து காட்டியிருக்கிறார்கள். 1956-ல் மில்காரர்கள் கூடிச் சிட்ரா என்கிற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்தார்களே, மில்களின் சந்தாவும் மத்திய அரசின் பணமும் சேர்ந்துதான் அதை நடத்தியது. 1969-ல் ஆரம்பித்த சிறுதொழில்காரர்கள் சங்கமான கொடிசியா அவிநாசி ரோட்டில் பொருட்காட்சி வளாகமே கட்டியிருக்கிறது. சொந்தமாக வருமானம் இருக்கிற சங்கம் யாருக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

சந்தாவுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. நம் பணத்தை நாமே சேர்த்து வைப்பதற்கு வரியா என்றால், சங்கம் வேறு ஆள், உறுப்பினர் வேறு ஆள் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்தி, 2017 ஜூலையிலிருந்தே பொருந்தும் என்று எழுதிவிட்டார்கள். டாக்டர்கள் சங்கம் போட்ட வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. எங்கள் ஆடிட்டரோ, "கட்டிட்டே இருங்க, பொறவு பாத்துக்கலாம்" என்கிறார்.

பையனிடம் சொல்: கம்பெனி பேரில் இருக்கிற மெம்பர்ஷிப்பை நம்பி இருக்க வேண்டாம். வேலையை விட்டால் அதுவும் கம்பெனியோடு நின்றுவிடும். தன் பேரில், வருஷச் சந்தாவாக, தன் சம்பளத்திலிருந்து கட்டட்டும். நான் கட்டுவதைத் தொழில் செலவில் எழுதிவிடுவேன், சம்பளக்காரனுக்கு வருமான வரியில் அந்த வழி கிடையாது, இருந்தாலும் கட்டட்டும். தன் காசில் உட்கார்ந்திருந்தால்தான் ரெசின்காரரிடம் எழுந்து கேள்வி கேட்பான். நீ கட்டித் தராதே.

படிவம் இதோடு வைத்திருக்கிறேன். முன்மொழிபவர் இடத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வழிமொழிய அந்தப் பெரியவரைக் கேட்டிருக்கிறேன். எண்பது தாண்டிவிட்டார், பையனை நேரில் பார்க்காமல் போடமாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வை. வரும்போது கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை இரண்டு கிலோ கொடுத்தனுப்பு, இவள் கச்சாயம் சுட வேண்டுமாம்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்