ஐரோப்பா சாய்ந்துவிட்டதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் சேர்ந்து ஓட்டுப் போட்ட 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் பற்றிய உங்கள் கட்டுரை, ‘ஐரோப்பா வலது பக்கம் சாய்ந்துவிட்டது’ என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டது. வலதுசாரிகளுக்கு இடங்கள் கூடியது உண்மைதான், அதை யார் மறுப்பார்கள்? ஆனால் இந்தத் தேர்தலில் மக்கள் பல நேரம் சொந்த நாட்டு ஆட்சிக்குக் குட்டு வைக்கத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ரைஃப், ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் 1980லேயே இதை ‘இரண்டாம் தரத் தேர்தல்’ என்று எழுதிவிட்டார்கள்.

பிரிட்டனைப் பாருங்கள். அது இன்னும் ஒன்றியத்தில் இருந்த 2019 மே மாத ஐரோப்பியத் தேர்தலில், ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்ன, பிறந்து சில மாதங்களே ஆன பிரெக்ஸிட் கட்சி 30 சதவீதத்துக்கு மேல் வாங்கி 29 இடங்களை அள்ளியது, ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி ஐந்தாவது இடத்துக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த நாட்டுப் பொதுத்தேர்தலில் கன்சர்வேட்டிவுக்குத் தனிப்பெரும்பான்மை, பிரெக்ஸிட் கட்சிக்கு 2 சதவீதம், இடம் பூஜ்யம். (கன்சர்வேட்டிவ் வென்றிருந்த 317 தொகுதிகளில் அவர்கள் நிற்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அப்புறம் தேர்தல் முறையும் வேறு.)

குரோஷியாவில் 2024 ஏப்ரலில் சொந்த நாடாளுமன்றத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டவர்கள், ஜூனில் ஐரோப்பாவுக்கு என்றதும் 21 சதவீதத்தோடு நின்றுவிட்டார்கள். அதே ஜூனில் பெல்ஜியத்தில் 90ஐ நெருங்கியது என்றால், அங்கே வாக்களிப்பது கட்டாயம்.

இதற்கு வாக்காளரை அலட்சியக்காரர் என்று திட்டுவது சுலபம். இந்த ஓட்டால் ஓர் அரசு அமைவதும் இல்லை, கவிழ்வதும் இல்லை என்பது அவருக்குத் தெரிகிறது. 2019ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பெரிய கட்சிக் குழு, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையத்தின் தலைவர் பதவிக்கு வெபரைத் தலைமை வேட்பாளராகக் காட்டி ஓட்டுக் கேட்டது, கடைசியில் அந்தப் பதவி தலைமை வேட்பாளர் பட்டியலிலேயே இல்லாத வான் டெர் லேயனுக்குப் போனது. இதைப் பார்த்தவர் அடுத்த முறை என்ன ஆசையில் வரிசையில் நிற்பார்?

எல்லா நாட்டுக்கும் இது பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். பிரான்ஸில் 2024 ஐரோப்பியத் தேர்தலில் லெ பென்னின் வலதுசாரிக் கட்சி முன்னால் வந்ததும், அதிபர் மக்ரோன் அன்றிரவே சொந்த நாட்டு நாடாளுமன்றத்தைக் கலைத்தார், மூன்று வாரத்தில் நடந்த அதன் தேர்தலின் முதல் சுற்றிலும் அதே கட்சிதான் முன்னால் வந்தது. அங்கே அது வெறும் குட்டு இல்லை. அதனால்தான் 27 நாடுகளையும் ஒரே தராசில் போடாதீர்கள் என்கிறேன்.

ஒரு வேண்டுகோள்: 2029ல் முடிவுகளை அட்டவணையாகப் போடும்போது, ஒவ்வொரு நாட்டின் ஆளுங்கட்சியும் கடைசிப் பொதுத்தேர்தலில் வாங்கிய சதவீதத்தையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்