அப்பாவின் ரசத்தில் நான் கலந்தது

திருச்சி,
ஞாயிறு காலை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். அப்படியும் டபராவில் சிந்தியது. பனி என்றாய். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பதினொரு மணிக்கு வெளியே போய்வந்தாய். மதியம் சோறு பிசைந்தபோது உன் கையில் நடுக்கமே இல்லை. அந்தக் கையை நான் பல வருடம் பார்த்தவள், தம்பி. அது உன் அப்பாவின் கை.

போனில் இதைத் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முதலில், உன்னிடம் இத்தனை காலம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2008இல், நீ பத்தாம் வகுப்புப் படித்தபோது, ஒரு ராத்திரி அப்பாவை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெஞ்சுவலி என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று ஒருவர் சொல்ல, அவரிடமே மாத்திரை வாங்கி, பொடித்து, நான்கு நாளாக ரசத்தில் கலந்துகொண்டிருந்தேன். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வெளியே போனவர் திரும்பி வரும்போது முகமும் கழுத்தும் செக்கச் செவேல் என்றிருந்தன. வாசற்படியிலேயே வாந்தி. நெஞ்சு படபடவென்று அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. "என்ன மருந்து சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். மறுபடி கேட்டார். தெரியாது என்றேன். மூன்றாம் தடவைதான் பர்ஸிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினேன்.

அது டைசல்ஃபிரம். மது உடம்புக்குள் போனதும் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும். சாதாரணமாக ஈரல் அதை உடனே கரைத்துவிடும். இந்த மாத்திரை அந்த வேலையைத் தடுத்துவிடுவதால் நஞ்சு உடம்பில் தேங்குகிறது. நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேகம் இருக்கும். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல காவல். தெரியாமல் கொடுத்தால் உயிரே போகலாம். இன்னமும் எத்தனையோ வீட்டில் என்னைப் போன்ற பெண்கள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அப்பா பிழைத்து எழுந்த பிறகு உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னிடம் கேட்டிருந்தால் நானே விழுங்கியிருப்பேனே" என்றார்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். வைத்தியம் பார்த்துக்கொள்கிறாயா, தம்பி?

சரி என்றால், நாளையிலிருந்தே தொடமாட்டேன் என்று மட்டும் சபதம் செய்துவிடாதே. காலையில் கை நடுங்கும் அளவுக்குப் போனவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அப்பா அந்த ஆஸ்பத்திரி ராத்திரிக்கு முந்தின வருடம் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி போர்வையிலிருந்து எறும்பு பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டார். எறும்பே இல்லை. பேய் பிடித்துவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தில். மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று கிடைக்காதபோது கட்டுக்கடங்காமல் போகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இந்தப் பிதற்றல் வரலாம். டாக்டரிடம் போனால் குளோர்டயாசெபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, தினமும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். தயமின் என்கிற பி1 ஊசியும் போடுவார்கள். குடியால் அந்தச் சத்து வற்றிப்போய் மூளை கெடாமல் இருப்பதற்காக.

அது முதல் வாரத்துக்கான வைத்தியம்தான். ஆசையை அடக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்ற மருந்துகள் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து உனக்கு எது சரி என்று டாக்டர் சொல்வார். அதைவிட முக்கியம் ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுவது. எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது, எந்த வருத்தத்தில் கை பாட்டிலைத் தேடுகிறது என்று நீயே கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு வேறு வழி செய்துகொள்வது. அப்பாவுக்கு அது சம்பள நாள் சாயங்காலம். அதற்குப் பிறகு சம்பள நாள்களில் உன்னைக் காவிரிக் கரைக்குக் கூட்டிப்போவாரே, அது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஆபீஸ் டிரெயினிங் என்று ஒரு மாதம் சென்னைக்குப் போனாரே, அதுவும் நான் சொன்ன பொய்தான். இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனையில் இருந்தார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய இடம். அங்கே குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அப்போதுதான் அது நோய் என்று விளங்கியது. அதுவரை திமிர் என்றே நினைத்திருந்தேன்.

செலவு யோசனையாக இருந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 2025இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்களும் திறந்திருக்கிறார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் செய். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். போதைக்கென்றே தனியாக 14446 இருக்கிறது. வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் இடம் எதற்கும் உன்னை அனுப்ப மாட்டேன். நம் சொந்தத்தில் ஒரு பிள்ளை அப்படிப் போய் முதுகெல்லாம் தழும்போடு வந்து, வந்த அன்றைக்கே குடித்தான்.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களையும் யோசித்துப் பார். காசு கிடையாது, ஊர் பேர் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தால் போதும். அப்பா செவ்வாய்க்கிழமை தவறாமல் போனார். பதினோராம் மாதம் ஒரு கல்யாணத்தில் சறுக்கினார். மறுநாள் காலையிலேயே கூட்டத்து நண்பர் ஒருவர் சைக்கிளில் வந்து கூட்டிப்போனார், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதற்குப் பிறகு 2021இல் கண்மூடும்வரை அப்பா தொடவே இல்லை.

மருமகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நீயே பேசு. குடிப்பவர் வீட்டாருக்கென்று அல்-அனான் என்ற கூட்டம் உண்டு. சம்மதித்தால் அவளோடு நானும் போகிறேன்.

வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் வருகிறேன். சனிக்கிழமை காலைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கி வை. எங்கே என்பது உன் விருப்பம். என்ன குடிக்கிறாய், எவ்வளவு குடிக்கிறாய் என்பதை அவரிடம் குறைக்காமல் சொல். நான் உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கூப்பிட்டால் வருகிறேன்.

அன்புடன்,
அம்மா