பிரஷ் போகாத இடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில், பல்லை வீட்டிலேயே வெண்மையாக்க எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்க்கச் சொல்லியிருந்தீர்கள். கரித்தூளுக்கும் பரிந்துரை இருந்தது. சில நாளில் பல் பளிச்சென்று ஆகிவிடும் என்று எழுதியிருந்தது. ஆகும்தான். மேற்பரப்பைச் சுரண்டினால் எதுவும் கொஞ்ச நாள் பளிச்சென்றுதான் இருக்கும். அதற்குப் பிறகு நடப்பதை அந்தக் குறிப்பு சொல்லாமல் விட்டுவிட்டது.

பிஎச் என்பது அமிலத்தைக் காட்டும் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம். வாயில் அது 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 முதல் 2.5 வரை. சோடா சேர்த்தால் நுரைத்து அமிலம் ஓரளவு முறியும் என்பது உண்மை. எவ்வளவு முறிந்தது என்று வீட்டில் யார் அளப்பது? அமிலம் பட்டு இளகிய எனாமலை அந்த நேரத்திலேயே தூள் போட்டுத் தேய்ப்பதுதான் பெரிய கேடு. எனாமலில் உயிரணு கிடையாது, தேய்ந்தது திரும்ப வளராது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கின் நிறமே மஞ்சள். ஆக, வெளுக்க வேண்டும் என்று தேய்த்தவருக்குக் கடைசியில் கிடைப்பது இன்னும் மஞ்சளான பல்லும் கூச்சமும்தான். சமையல் சோடா தனியாக அவ்வளவு மோசமில்லை, அதன் துகள் மென்மையானது. ஆனால் எனாமலை அமிலத்திலிருந்து காக்கும் ஃப்ளோரைடு அதில் இல்லை. கரித்தூளிலோ துகளின் அளவே ஒரு சீராக இருக்காது. ஈறின் இடுக்கிலும் அடைத்த பல்லின் விளிம்பிலும் போய்க் கறுப்பாகத் தங்கிவிடும்.

நிறத்தை விடுங்கள். பல்லைக் கெடுப்பது, பல்லின் நிறத்திலேயே இருந்து அதன்மேல் ஒட்டியிருக்கும் ஒரு படலம். துலக்கி முடித்த சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் மறுபடி பல்மேல் குடியேறத் தொடங்கிவிடும். ஈறோரம் நகத்தால் லேசாக வழித்தால் வெள்ளையாகப் பிசுபிசுவென்று வருமே, அதுதான். பிளேக் என்பார்கள். கொப்பளித்தால் போகாது, உரசினால்தான் வரும். விட்டுவைத்தால் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து, சில நாட்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் காரை அதிகமாகச் சேர்வதற்குக் காரணம் இருக்கிறது: உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் திறப்பது அந்த இடங்களுக்கு அருகில்தான்.

ஈறில் ரத்தம் கசிந்தால் அந்தப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வார்கள். செய்ய வேண்டியதற்கு நேர்மாறு அது. 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிக் கவனித்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ரத்தம் வரும் இடத்தில் படலம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அங்கேதான் இன்னும் நிதானமாக, மென்மையாக, தினமும் துலக்க வேண்டும்.

எப்படித் துலக்குவது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். தலை சிறியதாக, நார் மென்மையாக இருக்கும் பிரஷ் போதும். முஷ்டியால் இறுக்கிப் பிடிக்காமல், பேனா பிடிப்பதுபோல விரல்நுனியால் பிடியுங்கள், அழுத்தம் தானாகக் குறையும். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் நார்களின் நுனியை வைத்து, ஈறை நோக்கி 45 டிகிரி சாய்க்க வேண்டும். மேல்வரிசைக்கு மேல்நோக்கி, கீழ்வரிசைக்குக் கீழ்நோக்கி. நல்ல நிலையிலுள்ள ஈறுக்கும் பல்லுக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் உண்டு. நார் நுனி அதன் வாய்க்குள் கொஞ்சம் நுழைய வேண்டும். நுனி அங்கிருந்து நகராதபடி, நடுக்கம் கொடுப்பதுபோல மிகச் சிறிதாக முன்னும் பின்னும் 10, 15 தடவை அசைத்துவிட்டு, பல்லின் கடிக்கும் பக்கத்தை நோக்கி வழித்துவிடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பல். பிறகு அடுத்த இடம், முந்தைய இடத்தைக் கொஞ்சம் தொட்டபடி. சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பிய முறையின் சற்றே மாற்றிய வடிவம் இது.

முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷை நெட்டுக்குத்தாக நிறுத்தி அதன் முனையால் துலக்க வேண்டும், படுக்கையாக வைத்தால் வளைவில் படாது. கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்கு ஓர் உபாயம்: வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகிப் பிரஷ் போக இடமிருக்காது. பாதி மூடினால் கன்னம் தளர்ந்து வழிவிடும். அதிகம் விட்டுப்போவது கீழ்க் கடைவாய்ப் பற்களின் நாக்குப் பக்கம். ஆகவே அங்கிருந்தே தொடங்குங்கள். கண்ணாடியில் தெரியும் முன்பற்களை யாரும் மறப்பதில்லை. வாயை நான்காகப் பிரித்தால் பகுதிக்கு அரை நிமிடம், மொத்தம் இரண்டு நிமிடம். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு நீளமான நேரம் என்று தெரியும்.

அழுத்தித் தேய்த்தால்தான் அழுக்குப் போகும் என்ற நினைப்பு ஈறைக் கீழிறக்கிவிடும். கடினமான நார் கொண்டு குறுக்குவாட்டில் இழுத்து இழுத்துத் தேய்ப்பவர்களுக்குப் பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டு விழும். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுரீரென்று கூசுவது அங்கிருந்துதான். புதிய பிரஷ்ஷின் நார்கள் ஒரு மாதத்திலேயே விரிந்து போனால் உங்கள் கை கனம் என்று பொருள். சாதாரணமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

பேஸ்ட்டைப் பற்றி நீங்கள் வெளியிடும் விளம்பரங்கள் சொல்வதைவிடக் குறைவாகவே சொல்ல இருக்கிறது. பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு போதும், பிரஷ் நீளத்துக்குப் பிழிவது வீண். உறையில் ஃப்ளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட வேண்டும். தண்ணீர் விட்டு நாலைந்து தடவை கொப்பளிக்கும்போது, பல்லில் தங்கி வேலை செய்ய வேண்டிய ஃப்ளோரைடும் போய்விடுகிறது. இந்த ஒரு பழக்கத்தை மாற்றக் காசும் செலவில்லை, நேரமும் செலவில்லை, ஆனாலும் பலரால் விட முடிவதில்லை. கூச்சத்துக்கான பேஸ்ட் பலவற்றில் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும். அந்தப் பேஸ்ட்டை இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் பயன்படுத்தினால்தான் பலன் தெரியும். நாலு நாள் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடுவதில் அர்த்தமில்லை.

காலை, இரவு என்று இரண்டு வேளை துலக்குவதில் ஒன்று தவறித்தான் ஆகும் என்றால் அது இரவாக இருக்கக் கூடாது. தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும், அமிலத்தைக் கழுவவும் முறிக்கவும் ஆளில்லை. புளிப்பான பானமோ பழமோ உள்ளே போன கையோடு துலக்க வேண்டாம். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்துத் துலக்கலாம். வாந்தி எடுத்தாலும் இதே கணக்கு. இனிப்பில் அளவைவிடத் தடவைதான் முக்கியம். ஒவ்வொரு முறை சர்க்கரை பட்டதும் சில நிமிடங்களில் அமிலம் ஏறி, பழைய நிலைக்குத் திரும்ப அரைமணிக்கு மேல் ஆகிறது. ஒரே மூச்சில் குடித்து முடிப்பதைவிட அதே பானத்தை இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பது பல்லுக்குக் கூடுதல் கெடுதல்.

இவ்வளவும் செய்தாலும் இரண்டு பல்லுக்கு நடுவே பிரஷ் போகாது. சொத்தையும் ஈறு நோயும் அங்கே தாராளமாகத் தொடங்குகின்றன. அதற்குத்தான் ஃப்ளோஸ் நூல். ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் எடுத்து, இரண்டு நடுவிரல்களிலும் சுற்றி, இடையில் 3, 4 சென்டிமீட்டர் விறைப்பாகப் பிடியுங்கள். இடுக்கில் ஒரேயடியாக அழுத்தி இறக்கினால் ஈறு வெட்டுப்படும். அறுப்பதுபோல மெல்ல ஆட்டி இறக்கி, ஒரு பல்லை அரைவட்டமாக அணைத்தபடி ஈறுக்குச் சற்றுக் கீழே வரை விட்டு மேலும் கீழுமாக வழிக்க வேண்டும். பிறகு அதே இடுக்கில் அடுத்த பல்லை அணைக்க வேண்டும். நூலின் புதுப் பகுதியைச் சுற்றிச் சுற்றி நகர்த்துங்கள். ஈறு இறங்கி இடைவெளி விழுந்தவர்களுக்கு நூலைவிட, மெல்லிய கம்பியைச் சுற்றி நார் வைத்த இடுக்குப் பிரஷ் நன்றாக வேலை செய்யும். லேசாக உரசிக்கொண்டு போகும் அளவாக இருக்க வேண்டும். நடுக்கம்பி பல்லில் இடித்தால் அளவு பெரிது, உரசாமல் நழுவினால் சிறிது. ஒரே வாயில் இரண்டு அளவு தேவைப்படுவது சகஜம்.

குழந்தைகளுக்கு முதல் பல் முளைத்ததுமே தொடங்கிவிடலாம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. ஏழு, எட்டு வயது வரை பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும், அவர்கள் கைக்கு அவ்வளவு நிதானம் வந்திருக்காது. ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். பக்கத்துப் பற்களின் உயரத்துக்கு வரும்வரை பிரஷ் அதைத் தாண்டியே போகும், ஆகவே பிரஷ்ஷைக் குறுக்கே திருப்பி அதை மட்டும் தனியாகத் துலக்கிவிட வேண்டும்.

நாக்கைப் பின்பகுதியிலிருந்து முன்னுக்கு, ரத்தம் வராத அளவுக்கு வழித்தால் போதும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷை மருத்துவர் சொல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம், பல்லில் பழுப்புக் கறை படியும், சுவை மாறும். பேஸ்ட்டுக்கும் அதற்கும் அரைமணி இடைவெளி விட்டால்தான் வீரியம் குறையாது. பல் செட் வைத்திருப்பவர்கள் இரவில் கழற்றி, பேஸ்ட் போடாமல் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் வடிவம் மாறிவிடும்.

வீட்டில் முடியாதவையும் உண்டு. இறுகிய காரையை ஊசியாலோ கத்தி முனையாலோ பெயர்க்கக் கூடாது. க்ளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று பயந்து பலர் போவதில்லை. இடைவெளி முன்பே விழுந்துவிட்டது, காரை அதை மூடியிருந்தது, அவ்வளவுதான். சரியாகத் துலக்கியும் இரண்டு வாரத்தில் ரத்தக்கசிவு நிற்காவிட்டாலும், சூடு பட்ட வலி விட்டுவிட்டுத் தெறித்து இரவில் எழுப்பினாலும், பல் ஆடினாலும் தள்ளிப்போட வேண்டாம். வாயில் வந்த புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், வலியே இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்