மனித மேம்பாடு படிப்புல சேர்க்கிறதுக்கு முன்னாடி அந்த காலேஜோட நர்சரிய போய் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து நம்ம பேப்பர்ல எந்த கோர்ஸ் எடுக்கலாம்னு பக்கம் பக்கமா வருது, ஆனா மனையியல் துறையில இருக்கிற மனித மேம்பாடு, குடும்பவியல் படிப்ப பத்தி ஒரு வரி கூட காணோம், அதான் எழுதுறேன். நான் அதத்தான் படிச்சேன், இப்ப சின்ன பிள்ளைங்களோட வேலை பாக்குறேன்.

மனையியல்னாலே சமையலும் தையலும்னு தான் இன்னமும் நிறைய பேர் நினைக்கிறாங்க. கருவுல இருக்கிற குழந்தைல ஆரம்பிச்சு வயசானவங்க வரைக்கும் மனுஷங்க எப்படி வளர்றாங்க, குடும்பத்துக்கு அதுல என்ன பங்குனு படிக்கிறது தான் இந்த பிரிவு. கோவையில அவிநாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957லயே வந்துடுச்சு, பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்துல இதுக்குனு தனி துறையே இருக்கு. அதனால இது ஏதோ நேத்து முளைச்ச கோர்ஸ் இல்ல. ஆனா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி சொல்லிக்குடுக்கிறதும் இல்ல. காலேஜோட தரத்த மதிப்பிடுற தேசிய அமைப்பான நாக் குடுத்த கிரேடு ஏ பிளஸ்னு கேட்ல பெரிய பேனர் வச்சிருப்பாங்க, அது மொத்த காலேஜுக்கும் குடுக்கிற கிரேடு, இந்த ஒரு துறை எப்படி இருக்குனு அத வச்சு சொல்லவே முடியாது.

நான் பாக்க சொல்றது ஒன்னே ஒன்னு தாங்க, மாணவிங்க எவ்வளவு நேரம் குழந்தைங்க கூடயும் குடும்பங்கள் கூடயும் இருந்து படிக்கிறாங்க? நல்ல துறைனா காலேஜ்லயே ஒரு நர்சரி நடத்துவாங்க. அங்க மாணவிய உக்கார வச்சு ஒரு குழந்தைய கவனிச்சு எழுத சொல்லுவாங்க. முதல் தடவ எல்லாருமே "பிடிவாதக்கார பிள்ளை"னு தான் எழுதிட்டு வருவாங்க, மேடம் அத அடிச்சிட்டு நீ கண்ணால பாத்தத மட்டும் எழுதுனு திருப்பி அனுப்புவாங்க. பந்த கேட்டான், பக்கத்துல இருந்தவன் குடுக்கல, கீழ உக்காந்து அழுதான், ஆயாம்மா வந்து தூக்கினதும் நிறுத்திட்டான், இப்படி எழுத வரணும். இந்த பழக்கம் வந்துட்டா அப்புறம் எந்த பிள்ளையையும் அவசரப்பட்டு முத்திரை குத்த மனசு வராது. குழந்தைங்க யோசிக்கிற விதத்த ஆராய்ஞ்ச உளவியலாளர் பியாஜே சொன்ன ரெண்டு டம்ளர் தண்ணி சோதனைய பத்து மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி எழுதுறதும், நாலு வயசு பிள்ளை முன்னாடி அகல டம்ளர்ல இருக்கிற அதே தண்ணிய ஒல்லி டம்ளர்ல ஊத்தி, "இதுல தான் நிறைய இருக்கு"னு அது அடிச்சு சொல்றத நேர்ல கேக்குறதும் ஒன்னாகுமா?

போன வருஷம் சொந்தக்கார பொண்ணுக்காக ஒரு காலேஜ் பாக்க போயிருந்தேன், நர்சரினு போர்டு இருந்துச்சு, உள்ள பூட்டி கிடந்துச்சு, ஜன்னல் வழியா பாத்தா கண்ணாடி அலமாரில பொம்மை எல்லாம் பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்காம இருக்கு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் திறப்பாங்களாம். பீஸ் மட்டும் வருஷா வருஷம் ஏறிட்டே போகுது.

அடுத்து வேலை விஷயம். அட்மிஷன் நேரத்துல கவுன்சிலர் ஆகலாம், ஸ்பெஷல் எஜுகேட்டர் ஆகலாம்னு சொல்லி சேத்துடுறாங்க. ஸ்பெஷல் எஜுகேட்டர் ஆகணும்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரிச்ச படிப்பு முடிச்சு அங்க பதிவும் பண்ணியிருக்கணும், 1992 சட்டமே அதான் சொல்லுது, இந்த டிகிரி மட்டும் வச்சு அது நடக்காது. இத முதல் நாளே பெத்தவங்க கிட்ட சொல்லிடணும், மூணு வருஷம் கழிச்சு அந்த பொண்ணுக்கு தெரியவந்தா அது பெரிய அநியாயம். மேல படிச்சு, காலேஜ் ஆசிரியர் ஆகுறதுக்கான நெட் தகுதித் தேர்வு எழுதுறவங்களுக்கு மனையியல்னு தனி பாடமே இருக்கு, அந்த வழி நல்ல வழி.

அரசாங்கத்துக்கும் ஒன்னு கேக்கணும். 2019ல 2,381 அங்கன்வாடில எல்கேஜி யுகேஜி ஆரம்பிச்சப்ப ஒன்னுல இருந்து அஞ்சாவது வரைக்கும் நடத்த பயிற்சி எடுத்த இடைநிலை ஆசிரியர்கள தான் அங்க மாத்தினாங்க. அவங்கள குறை சொல்லல, ஆனா மூணு வயசு பிள்ளைய பத்தியே படிச்சவங்க நாங்க இத்தன பேர் இருக்கோமே, எங்கள ஏன் யோசிக்கல? முதியோர் விஷயமும் இப்படி தான். 2021க்கான மதிப்பீட்டுப்படி தமிழ்நாட்டுல 13.6 சதவீதம் பேர் அறுபது வயசு தாண்டினவங்க, கேரளாவுக்கு அடுத்து நாம தான். முதுமைய பத்தி பாடம் இருக்கு, ஆனா முதியோர் இல்லத்துக்கோ ஒரு வீட்டுக்கோ மாணவிய அனுப்புற காலேஜ் எத்தன?

பல்கலைக்கழகங்கள் இந்த படிப்புக்கு நர்சரிலயும் வெளியிலயும் எத்தன மணி நேரம் பயிற்சி, முடிச்சவங்க இப்ப எங்க வேலை பாக்குறாங்கனு ஒவ்வொரு காலேஜும் ப்ராஸ்பெக்டஸ்லயே அச்சடிக்கணும்னு உத்தரவு போடணும். அட்மிஷன் முடியுறதுக்குள்ள உங்க பேப்பர்ல இத பத்தி ஒரு கட்டுரை போட்டா நிறைய பெத்தவங்களுக்கு உதவியா இருக்கும் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்