கிள்ளிகுளத்திலிருந்து ஊருக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

ஏரல் பக்கத்து வாழை விவசாயி வீட்டுப் பெண் நான். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் கல்விக் கடனின் இந்த வருடத் தொகை வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் வருடமே எழுதியிருக்க வேண்டிய மடல் இது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா போட்டிருந்த சக்கை, கோழிக்கூடு ரக வாழைகள் குலை தள்ளி நின்றன. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால் ஒரு மரம்கூட நிமிர்ந்து இல்லை. அந்த வாழையை நம்பித்தான் அம்மாவின் நகை அடகில் இருந்தது.

வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சான்றிதழ்கள் இருந்த பை சேற்றில் ஊறிவிட்டது. அத்தைதான் அதைத் திறந்தார். வெயிலில் போட்டால் மை போய்விடும் என்று திண்ணை நிழலில் பழைய வேட்டியை விரித்து, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பறக்காமல் ஓரத்தில் கூழாங்கல் வைத்தார். கிழியாமல் இருக்க நகத்தால் தொடாமல் விரல் நுனியால் மட்டும் பிரித்தார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அப்படிப் பிழைத்ததுதான். அத்தை, அந்த மடிப்புக் கறை இன்னும் அதில் இருக்கிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்குக் கிடையாது. நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதைத் தெரிந்துகொண்ட அன்று விண்ணப்பமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். தாவரவியல் டீச்சர் விடவில்லை. "அது இல்லன்னா என்ன, முதல் பட்டதாரிச் சலுகை இருக்கு, கடன் இருக்கு, ஒவ்வொண்ணா கேப்போம்" என்றார். விண்ணப்பக் கட்டணத்தையும் அவரே கட்டினார்.

சரி, கேட்பதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஒரு தாள் வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கு முதல் பட்டதாரிச் சான்று. வெள்ள நிவாரண வேலையே தலைக்கு மேல் கிடந்த கிராம நிர்வாக அலுவலர் சார், நாங்கள் விண்ணப்பித்த அன்று மாலையே வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை அனுப்பினார். இ-சேவை மையத்து அக்கா, கடைசி நாளில் சர்வர் கிடைக்காமல் இரவு ஒன்பது மணி வரை எனக்காகக் கடையைத் திறந்து வைத்திருந்தார்.

முதலில் போன வங்கியில் அப்பாவை மூன்று முறை அலையவிட்டார்கள். "பிணைக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். வெளியே வந்த அப்பா சைக்கிளைப் பிடித்தபடி வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். அதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் அடுத்துப் போன வங்கியின் மேலாளர் அம்மாவுக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறேன். அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். 4 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை, வருமானம் குறைந்த குடும்பத்துக்குப் படிக்கும் காலத்து வட்டிக்கு மானியம் உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பா தலையாட்டும் வரை அடுத்ததற்குப் போகவில்லை.

கடன் கைக்கு வருமுன் சேர்க்கைப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வாழை மண்டி அண்ணாச்சி, பழைய முன்பணமே பாக்கி இருந்தும் நோட்டில்கூட எழுதாமல் எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் 2024 டிசம்பரில், புதுமைப் பெண் திட்டம் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் வந்தது. செய்தியைக் கேட்டதும் போன் செய்தவர் அதே டீச்சர்தான். மாதம் 1000 ரூபாய் இப்போது மெஸ் கட்டணத்துக்கு உதவுகிறது.

பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, என் தாள்கள் எல்லாம் வரிசைப்படி ஒரு கோப்பில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில்தான் இருப்பேன், வாருங்கள். அண்ணாச்சி, அப்பா திரும்பவும் சக்கை போட்டிருக்கிறார். முதல் வெட்டு உங்கள் மண்டிக்குத்தான் வரும்.